மாசி பொறந்தா தோட்டத்துல என்ன வேலை? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

மாசி பொறந்தா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சுரும். பெங்களூர்ல வேலை பாத்துக்கிட்டே இங்க அரை ஏக்கர் வாங்கிப் போட்ட சித்தி பையன், ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த பெரிய மாமா, அப்புறம் யாருன்னே தெரியாத அவங்க பிரெண்டுங்க, எல்லாரும் கேக்கறது அதே பத்து பன்னெண்டு கேள்விதான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, எழுதி வெச்சுட்டா இனிமே இதையே அனுப்பி விட்டுரலாம்னு ஒரு சோம்பேறித்தனம்.

நம்ம நெலவரம் இதுதான். கீழ, சேலத்துக்குப் பக்கத்துல குப்பனூர்கிட்ட ஏற்காட்டு மலை அடிவாரத்துல ஒன்றரை ஏக்கர், செம்மண்ணு, ஒரு கெணறு ஒரு போரு, மாமரம் 26, மிச்ச எடத்துல குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) காய்கறியும். மேல கொட்டச்சேடு தாண்டி ஏற்காடு போற வழியில 70 சென்ட், காப்பியும் மிளகும், ரெண்டு பலா, ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருவாரு, நானும் அத்தையும்தான் பாக்கறோம். அத்தைக்கு 71 வயசு, இன்னும் என்னைய விட வேகமா களை வெட்டும்.

நம்ம ஊர்ல வசந்த காலம்னு ஒன்னு இருக்கா? எப்ப ஆரம்பிக்குது?

பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்குப்படி மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில். சேலத்துல உக்காந்துக்கிட்டு சித்திரைய இளவேனில்னு சொன்னா வேத்து வழியற நமக்கு சிரிப்புதான் வரும். ஆனா மரத்தப் பாத்தா கணக்கு சரியாத்தான் இருக்கு, மாசியில வேம்பு இலையக் கொட்டும், பங்குனியில செம்பு கலர்ல கொழுந்து வரும், சித்திரைக்கு பூ. யுகாதிக்கும் வருசப்பொறப்புக்கும் வேப்பம்பூ கரெக்டா கெடைக்குதுல்ல, அதுதான் காலண்டர்.

ஆனா ஒரு விசயத்த புரிஞ்சுக்கணும். சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் கூட இல்ல, ஏற்காடு 1,500 மீட்டர் கிட்ட. நடுவுல 1,200 மீட்டர் ஏத்தம், அதுக்கே சூடு ஏழெட்டு டிகிரி கொறைஞ்சிரும். அதனால ஒரே நாள்ல கீழ மாங்கா பிஞ்சு கோலிகுண்டு சைசுல தொங்கும், மேல காப்பிச்செடி மொட்ட வெச்சுக்கிட்டு மழைக்குக் காத்துக்கிட்டு நிக்கும். "மார்ச் மாதம் செய்ய வேண்டிய பத்து வேலைகள்"னு வீடியோ பாத்துட்டு என்கிட்ட வராதீங்க, அந்த வீடியோ எந்த ஊருக்கோ. இங்க வேலைய ரெண்டாத்தான் பிரிக்கணும், கோடை மழைக்கு முன்னாடி செய்யறது, மழைக்கு அப்புறம் செய்யறது. இத மாத்திச் செஞ்சா காசும் போச்சு ஒழைப்பும் போச்சு.

சரி, மொத வேலை எது? எங்க இருந்து ஆரம்பிக்கறது?

எல்லாரும் நர்சரிக்குப் போய் நாத்து வாங்கறதுல ஆரம்பிக்கறாங்க. அது வேண்டாம். தண்ணியில ஆரம்பிங்க. கெணத்துல எத்தன அடி தண்ணி நிக்குதுன்னு கயிறு விட்டுப் பாருங்க, மோட்டார் எத்தன மணி நேரம் ஓடினா தண்ணி வத்துது, மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மாசியில மூணு மணி நேரம் ஓடற கெணறு சித்திரையில ஒரு மணி நேரம்தான் ஓடும், அந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செடி தாங்குமோ அவ்வளவுதான் நடணும். இதுதான் மொத்த விவசாயமும், மீதியெல்லாம் அப்புறம்.

சொட்டுநீர் போட்டவங்க லேட்ரல் பைப்போட (செடி ஓரமா ஓடற மெல்லிசு பைப்பு) கடைசி முனைய கழட்டி விட்டு மோட்டாரப் போட்டு பாருங்க. மொதல்ல டீ கலர்ல வரும், அப்புறம் பாசி வரும், அப்புறம்தான் தண்ணி. அது தெளியற வரைக்கும் விடணும். அணில் கடிச்ச ஓட்டையும் இருக்கும், வெயில் காலத்துல அதுக்கும் தாகம்தானே, பைப்புக்குள்ள தண்ணி ஓடற சத்தம் கேட்டு கடிக்குதுன்னு அத்தை சொல்லும். நாங்க மாமரத்தடியில ரெண்டு மண் சட்டியில தண்ணி வெக்கறோம், வெச்சதுல இருந்து கடி கொறைஞ்சிருக்கு. இல்லேன்னு சொல்ல முடியாது, சுத்தமா நின்னுச்சுன்னும் சொல்ல முடியாது.

அடுத்தது மூடாக்கு. மாசியில கொட்டற சருகு அத்தனையும் செடி அடியில போடுங்க, நாலு விரக்கடை கனத்துக்கு. தண்டுல ஒட்டாம கொஞ்சம் தள்ளிப் போடணும், இல்லேன்னா கரையான் ஏறும்.

சருகையும் குப்பையையும் கொளுத்திட்டா சுத்தமா இருக்குமே?

கொளுத்தாதீங்க. இதுல எனக்கு சொந்த வயித்தெரிச்சல் இருக்கு. மூணு வருசம் முன்னாடி பங்குனியில மேல பக்கத்து நெலத்துக்காரங்க காஞ்ச புல்ல கொளுத்தி விட்டாங்க, மத்தியானம் காத்து திரும்பிருச்சு. நாங்க கீழ இருந்து போய்ச் சேர்றதுக்குள்ள எங்க வேலியோரம் இருந்த நாலு மிளகுக்கொடி, ஒம்போது வருசக் கொடி, வெந்த கீரை மாதிரி தொங்குச்சு. கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரம் பொழைச்சுக்கிச்சு, கொடி பொழைக்கல. அவங்க வந்து மன்னிப்பு கேட்டாங்க, அதுக்கு மேல என்ன பண்றது, தெனம் மூஞ்சில முழிக்கற மனுசங்க. அதுல இருந்து மாசி கடைசியில வேலிய ஒட்டி உள்பக்கமா ஆறடிக்கு புல்லு சருகு எதுவும் இல்லாம செதுக்கி விட்டுர்றோம், செதுக்குன சருகு காப்பிச்செடி அடிக்குப் போயிரும்.

இப்ப என்ன காய்கறி போடலாம்?

கீழ நாட்டுலன்னா மாசிப் பட்டத்துக்கு வெயில் தாங்கறதா பாத்து போடுங்க. கொத்தவரங்கா, தட்டப்பயிறு, வெள்ளரி, பூசணி, பாகல், பீர்க்கன், தண்டுக்கீரை, அரைக்கீரை. வெண்டை போடலாம், ஆனா மாசி பாதிக்குள்ள விதை மண்ணுக்குள்ள போயிரணும். 45 நாள்ல காய் வந்துரும், வெயில் ஏற ஏற வெள்ளை ஈ ஏறும், அது மஞ்சள் தேமல் நோயக் கொண்டுவந்து விட்டுரும். இலை நரம்பு மஞ்சளாயி காயும் வெளுத்துப் போச்சுன்னா அந்தச் செடிக்கு மருந்தே கெடையாது, புடுங்கி தூரப் போடுங்க. மஞ்சள் கலர் ஒட்டுப்பொறி நாலு எடத்துல கட்டி வெச்சா ஈ எவ்வளவு இருக்குன்னாவது தெரியும்.

தக்காளி? வெயில் 35 டிகிரிக்கு மேல போனா பூ கொட்டும், காய் புடிக்காது. கீழ நான் போடறதில்ல. மேல ஏற்காடு பக்கம் இருக்கறவங்க தாராளமா போடுங்க, பீன்ஸும் போடுங்க, தண்ணி இருந்தா.

மேட்டுப்பாத்தி எல்லாம் மழைக்காலத்துக்குத்தான். கோடையில பாத்திய பள்ளமா எடுங்க, தண்ணி நிக்கற மாதிரி. இத நான் கத்துக்கிட்டது எப்படின்னா, படத்துல பாத்த மாதிரி அழகா ஓரம் கட்டி மேட்டுப்பாத்தி போட்டு, காலைல விட்ட தண்ணி மத்தியானம் காஞ்சு போய், கீரை நாத்து எல்லாம் படுத்துருச்சு. அத்தை பாத்துட்டு ஒன்னுமே சொல்லல, மம்பட்டிய எடுத்துட்டு வந்து மேட்ட பள்ளமாக்கிட்டுப் போயிருச்சு.

மாமரத்துல பிஞ்சு எல்லாம் கொட்டுது, என்ன மருந்து அடிக்கறது?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. மொதல்ல பதட்டப்படாதீங்க. ஒரு பூங்கொத்துல ஆயிரக்கணக்குல பூ இருக்கும், அதுல ஒன்னோ ரெண்டோதான் பழமாகும், அதுக்கு மேல ஆனா கெளையே தாங்காது. மரம் தனக்கு எத்தன புள்ளைய வளக்க முடியும்னு பாத்துத்தான் மீதிய விடுது.

ஆனா கொட்டறதுல மூணு விதம் இருக்கு, கீழ விழுந்தத எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும். பட்டாணி சைசுல, காம்பு மஞ்சளாயி, பிஞ்சுல எந்தக் காயமும் இல்லேன்னா அது மரமா உதுத்தது, இல்லேன்னா தண்ணி பிரச்சினை. பூவும் பிஞ்சும் சாம்பல் பூசின மாதிரி வெள்ளையா இருந்தா சாம்பல் நோய், நனையும் கந்தகம் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலைல வெயிலுக்கு முன்னாடி அடிக்கலாம். இலை மேல பிசுபிசுன்னு தேன் மாதிரி இருந்து அப்புறம் கருப்பா கரி புடிச்ச மாதிரி ஆச்சுன்னா தத்துப்பூச்சி, மரத்தடியில நின்னு கெளைய தட்டினா டிக் டிக்னு மூஞ்சில தெறிக்கும். அதுக்கு பூ விரியறதுக்கு முன்னாடியே வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சிருக்கணும், 10 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்ப இடிச்சு ராத்திரி ஊற வெச்சு வடிகட்டி கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து. பூ விரிஞ்சு தேனீ வர்ற நேரத்துல எந்த மருந்தும் வேண்டாம், தேனீயும் ஈயும் வரலேன்னா காயே புடிக்காது.

தண்ணி விசயம். பூ எடுக்கற நேரத்துல தண்ணி விட்டா பூவுக்குப் பதிலா கொழுந்து தள்ளும், அதனால மார்கழி தையில காய விடணும். பிஞ்சு பட்டாணி சைசுக்கு வந்த பெறகுதான் தண்ணி ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. பத்து நாளைக்கு ஒருக்கான்னா பத்து நாளைக்கு ஒருக்காதான். மூணு வாரம் மறந்துட்டு ஒரே நாள்ல குளம் கட்டறீங்க பாருங்க, அன்னைக்குத்தான் கொட்டும். விடற தண்ணியும் அடிமரத்துல இல்ல, நெழல் விழுற ஓரத்துல வட்டமா விடணும், குடிக்கற வேர் அங்கதான் இருக்கு.

பழ ஈ பொறி இப்பவே கட்டிருங்க. காய் எலுமிச்ச சைசுக்கு வர்றப்ப ஏக்கருக்கு 10 பொறி தொங்கணும். அதுல ஆண் ஈ மட்டும்தான் விழும், அதனால பொறி கட்டியாச்சுன்னு தூங்கக் கூடாது, தெனம் கீழ விழுந்த காயப் பொறுக்கி ரெண்டடி ஆழத்துல பொதைக்கணும். விழுந்த காய்க்குள்ள இருக்கற புழுதான் மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டி அடுத்த வாரம் ஈயா வருது. செந்தூரா சீக்கிரம் வந்து போயிரும், தப்பிச்சுக்கும். மல்கோவாவும் மத்த லேட் மரங்களும் மாட்டும்.

ஈ தொடறதுக்கு முன்னாடி விழற நல்ல பிஞ்சு வீணில்ல. எங்க வீட்டுல பங்குனி பூரா உப்புல ஊறின மாங்காதான் சோத்துக்கு.

பூவுலயே மாந்தோப்ப குத்தகைக்கு விடலாமா?

காசு அவசரம்னா விடுங்க. எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கு. பூவப் பாத்து ஒருத்தர் வெல பேசி பாதிப் பணம் குடுத்தாரு, பிஞ்சு கொட்டின ஒடனே மீதிய தரமாட்டேன்னு சொல்லிட்டாரு, எழுத்துல எதுவும் இல்ல, வாயால பேசினதுதான். இப்ப நாங்க பிஞ்சு எலுமிச்ச சைசுக்கு வந்த பெறகுதான் பேசறோம், ஒரு வெள்ளப் பேப்பர்லயாவது தண்ணி யாரு விடறது, மருந்து யாரு அடிக்கறது, எந்தெந்த மரம் வீட்டுக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. ரெண்டு இமாம் பசந்து மரத்த எப்பவும் குத்தகையில சேக்கறதில்ல.

குச்சிக்கிழங்கு நடறேன். கரணைய எப்படி வெட்டறது?

(மரவள்ளிதாங்க. எங்க பக்கம் குச்சிக்கிழங்குன்னாதான் புரியும். கரணைன்னா நடறதுக்கு வெட்டற குச்சித் துண்டு.)

பத்து மாசக் குச்சியில அடிப்பக்கம் கட்டையா இருக்கறதையும் நுனி பச்சையா இருக்கறதையும் கழிச்சிட்டு நடுவுல எடுங்க. ஒரு சாண் நீளம், எட்டு பத்து கண்ணு. கூர்மையான அருவாளால ஒரே வெட்டு, நசுங்கினா அழுகும்.

தலகீழா நடாதீங்கன்னு சொன்னா சிரிக்கறாங்க. சித்தி பையன் ஒரு பாத்தி முழுக்க தலகீழா நட்டு வெச்சிட்டான், மொளைச்சுது, ஆனா தண்டு கோணலா வளைஞ்சு மேல வர ரொம்ப நாள் எடுத்துக்கிச்சு. வெட்டின குச்சியில எது மேல எது கீழன்னு கண்டுபுடிக்க ஒரு அடையாளம் இருக்கு. குச்சியில பழைய இலைக்காம்பு விழுந்த தழும்பு அரைவட்டமா தெரியும், அதுக்கு மேலதான் குட்டியா கண்ணு புடைச்சிருக்கும். தழும்பு கீழ, கண்ணு மேல. கட்டை வெரல வெச்சு தடவினா கண்ண மூடிக்கிட்டுக்கூட சொல்லிரலாம். ரெண்டரை மூணு அடி எடைவெளி, செங்குத்தா, ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள.

குச்சி எடுக்கற தோட்டத்த பச்சையா இருக்கும்போதே போய்ப் பாத்து வெச்சிருங்க. இலை சுருங்கி மஞ்சத் தேமல் இருக்கற செடியில எடுத்தா நோய நாமளே காசு குடுத்து வாங்கின மாதிரி. அப்புறம் மாவுப்பூச்சி. 2020ல கேரளாவுல மொதல்ல தெரிஞ்ச ஒரு புது மாவுப்பூச்சி, அடுத்த வருசமே சேலம் நாமக்கல் பூரா நுனியச் சுருட்டி முடிச்சுப் போட்ட மாதிரி பண்ணிருச்சு. அத அழிக்க 2022ல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நெலையத்துல ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிய விட்டாங்க, பேரு அனகைரஸ் லோபெசி, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு உள்ள இருந்தே தின்னுரும். அதனால மாவுப்பூச்சியப் பாத்த ஒடனே கடுமையான மருந்த அடிச்சீங்கன்னா குளவிதான் மொதல்ல சாகும். நாங்க சுருண்ட நுனிய மட்டும் கிள்ளி பையில போட்டு எடுத்துர்றோம்.

வெலையப் பத்தி கேக்காதீங்க. சேகோ மில்லுல (ஜவ்வரிசி ஆலை) பாயிண்ட் கணக்குலதான் எடுப்பாங்க, மாவு எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்க வெல. நாம எட கணக்குப் போட்டு சந்தோசப்படுவோம், அங்க போனா பாயிண்ட் கொறைஞ்சிருக்கும்.

கோடை உழவு ஓட்டணுமா?

கீழ காலி நெலமா இருந்தா கண்டிப்பா. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சும்மா சொல்லல. மொத கோடை மழை நனைச்ச ஈரத்துல ஓட்டினா மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு மேல வரும், வெயிலும் கொக்கும் மைனாவும் மீதிய பாத்துக்கும். கோரைக் கெழங்கும் காயும், அடுத்த மழைத் தண்ணியும் ஓடாம உள்ள எறங்கும். சரிவுக்கு குறுக்க ஓட்டச் சொல்லுங்க, டிராக்டர்காரரு திருப்பறதுக்கு வசதியா மேல கீழன்னு ஓட்டத்தான் பாப்பாரு, கூடவே நில்லுங்க.

மேல மலைச் சரிவுல உழவே வேண்டாம், ஒரே மழையில மேல்மண்ணு ஓடைக்குப் போயிரும்.

காப்பிச் செடிக்கு இப்ப என்ன செய்யணும்? தண்ணி விடலாமா?

எனக்குப் புடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாத்தான் போகும். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்கு காப்பியக் கொண்டுவந்தாருன்னு சொல்லுவாங்க, அன்னைக்கும் இன்னைக்கும் செடி ஒன்னுக்குத்தான் கட்டுப்படுது, கோடை மழைக்கு.

பறிப்பு தை மாசத்தோட முடியும். முடிஞ்ச ஒடனே கவாத்து. காஞ்ச கெளை, ஒன்னுக்கொன்னு பின்னிக்கிட்ட கெளை, நேரா மேல போற சிம்பு எல்லாத்தையும் எடுக்கணும், நடுத்தண்ட சுத்தி அரை அடிக்கு உள்ள வெளிச்சம் வர்ற மாதிரி திறந்து விடணும். மாசி முடியறதுக்குள்ள இது முடியணும். மொட்டு பருத்ததுக்கு அப்புறம் கத்தரியோட உள்ள போனா ஒரு கெளைய வெட்டப் போய் நாலு கெளை மொட்ட ஒடம்புல தேச்சு உதுத்துட்டு வருவோம்.

அப்புறம் காத்திருக்கணும். காப்பி மொட்டு கணுவுல கணுவுல அரிசி மாதிரி பச்சையா நிக்கும், வளராது, தூங்கும். செடி நல்லா காஞ்சு, அதுக்கு மேல ஒரு நல்ல மழை விழுந்தாத்தான் முழிக்கும். மார்ச் ஏப்ரல்ல ஒரு 25 மில்லிமீட்டர் மழை, அதாவது ஒரு அங்குலம், ஒரே தடவையா விழுந்துச்சுன்னா எட்டு ஒம்போது நாள்ல தோட்டமே வெள்ளை. அப்புறம் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள இன்னொரு மழை வந்தாத்தான் பிஞ்சு நிக்கும்.

ஆபத்து என்னன்னா அரைகுறை மழை. ஒரு அஞ்சு மில்லி தூறல் விழுந்தா மொட்டு பாதி முழிச்சு, லேசா ரோஸ் கலர்ல நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு அப்படியே காஞ்சு போயிரும், அந்தக் கணுவுல அந்த வருசம் காய் இல்ல. பாதி டேங்கர் தண்ணி விட்டு "நனைச்சு வெக்கறேன்"னு பண்றவங்க இதத்தான் கைக்காசு போட்டு பண்றாங்க. ஸ்பிரிங்ளர் வெச்சு அங்குலக் கணக்குல குடுக்க வசதி இருந்தா குடுங்க, இல்லேன்னா தொடாதீங்க. ஒரு வருசம் நானே இந்தத் தப்ப செஞ்சேன், வாசல் பக்கம் இருபது செடிக்கு குடம் குடமா ஊத்தினேன், அந்த இருபது செடிதான் அந்த வருசம் மொட்டையா நின்னுச்சு.

பூ விரிஞ்ச அன்னைக்கு வெடியக்காலைல போனீங்கன்னா வளைவு திரும்பறதுக்கு முன்னாடியே வாசம் அடிக்கும், மல்லிப்பூ மாதிரி, ஆனா மல்லிய விட லேசா ஈரமா. தேனீ சத்தம் ஒரு மோட்டார் ஓடற மாதிரி இருக்கும். ரெண்டு மூணு நாள்தான். அந்த நாள்ல வேலைக்கு ஆளக் கூப்புடாதீங்க, மருந்து அடிக்காதீங்க, சும்மா போய் நின்னு பாத்துட்டு வாங்க.

காப்பித் தண்டுல துளைப்பான் புழு இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

செடி நுனி வெயில்ல வாடின மாதிரி இலை மஞ்சளா தொங்கினா கீழ குனிஞ்சு தண்டப் பாருங்க. பட்டைக்கு அடியில ஒரு கயிறு சுத்தின மாதிரி மேடா வரி தெரியும், வெரல வெச்சா தட்டுப்படும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான். உள்ள போயிருச்சுன்னா காப்பாத்த முடியாது, வேரோட எடுத்து எரிச்சிரணும் (இதுக்கு மட்டும் தீய அனுமதிப்பேன், பெரிய குழி வெட்டி, பக்கத்துல ரெண்டு குடம் தண்ணியோட). வண்டு வெளிய வர்றது ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர். அதனால இந்த வேலைய பங்குனிக்குள்ள முடிச்சாத்தான் பிரயோஜனம்.

நல்லா இருக்கற செடிக்கு தேங்காநார்க் கையுறை போட்டு தண்டுல தளர்ந்த பட்டைய தேச்சு விடுங்க, வண்டு முட்டை வெக்க இடுக்கு இருக்காது. கத்தியால சொரண்டக் கூடாது, தண்டு காயமாயிரும். 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு கரைச்சு தண்டுல அடிச்சா இன்னும் நல்லது. வெயில் அடிக்கற செடியத்தான் அந்த வண்டுக்குப் புடிக்கும், அதனால கோடையில நெழல் மரத்து கெளைய வெட்டாதீங்க. நெழல கொறைக்கறது மே மாசக் கடைசியில, பருவ மழைக்கு முன்னாடி.

மிளகுக் கொடிய இப்ப பதியன் போடலாமா?

போடலாம், இதுதான் நேரம். அடியில தரையோட ஓடுற ஓட்டுக்கொடி இருக்குல்ல, அத மாசி பங்குனியில வெட்டி ரெண்டு மூணு கணுவா துண்டு போட்டு, இலைய நறுக்கிட்டு, பாலித்தீன் பையில ஒரு கணு மண்ணுக்குள்ள இருக்கற மாதிரி வெச்சு நெழல்ல வைங்க. மண்ணுல ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைய அடக்கற நல்ல பூஞ்சை) கலந்துக்கோங்க, வாடல் நோய் வராம இருக்க. ஆனி ஆடி மழைக்கு நடற மாதிரி ஆயிரும். நல்லா காய்க்கற கொடியில எடுங்க, நாங்க பன்னியூர் 1 ரகத்துல எடுப்போம்.

பறிப்பும் இப்பத்தான். ஒரு சரத்துல ஒன்னு ரெண்டு மணி செவந்தா பறிச்சிரலாம். கொதிக்கற தண்ணியில ஒரு நிமிசம் முக்கி எடுத்துட்டு காய வெச்சா கருகருன்னு வரும்.

காட்டெருமை வருது, என்ன பண்றது?

வரும். தண்ணி தேடி கோடையில கீழ எறங்கும். லைன் கரண்ட நேரா வேலியில குடுக்கறது சட்டப்படி குத்தம், மனுசனும் செத்துருவான். ராத்திரி மேல தங்காதீங்க, வெடியக்காலைல பனியில வண்டியில வளைவு திரும்பும்போது ஹாரன் அடிச்சு மெதுவா வாங்க. எங்க தொட்டியில ராத்திரி தண்ணி குடிச்சிட்டு ஒரு பாத்திய மிதிச்சிட்டுப் போயிருக்கு, கொளம்புத் தடத்துல என் ரெண்டு கையும் அடங்குச்சு.

வேலைக்கு ஆளே கெடைக்கலையே?

ஆமா கெடைக்காது. பங்குனியில கோயில் திருவிழா, மே மாசம் ஏற்காட்டுல கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா, ரோடெல்லாம் காரு. மாசியிலயே சொல்லி வெச்சிருங்க, கூலியோட காலைல காப்பியும் மத்தியானம் சோறும் ஒழுங்கா குடுங்க, அடுத்த வருசமும் அவங்களே வருவாங்க.

மழை பெஞ்சாச்சு, அடுத்த நாள் என்ன செய்யணும்?

எவ்வளவு பெஞ்சுதுன்னு மொதல்ல அளக்கணும். "நல்ல மழை"ங்கறதெல்லாம் ஒரு அளவு இல்ல. நேரா நிக்கற பால்பவுடர் டின்னு ஒன்ன திறந்த வெளியில கல்லு முட்டு குடுத்து வைங்க, காலைல ஸ்கேல் விட்டுப் பாருங்க, எத்தன மில்லிமீட்டர் தண்ணி நிக்குதோ அதுதான் மழை. 25க்கு மேலன்னா கீழ உழவுக்கு டிராக்டர் சொல்லுங்க, எரு செதறுங்க, மேல காப்பிக்கு நாள் எண்ண ஆரம்பிங்க. பத்துக்குக் கீழன்னா மூடாக்க சரி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துருங்க, வேற எதையும் தொடாதீங்க.

நாங்க கீழ ஒரு டின், மேல ஒரு டின் வெச்சிருக்கோம். போன பங்குனியில ராத்திரி பூரா இடி, கூரையில பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம், அத்தை பாதித் தூக்கத்துல எழுந்து டிராக்டருக்கு போன் போடுன்னுச்சு. காலைல பாத்தா கீழ டின்னுல 4 மில்லி, ஒரு எறும்பு மெதந்துக்கிட்டு இருந்துச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு மேல போனேன், அந்த டின்னுல 31. எறங்கி வந்து டிராக்டர்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டு, காலண்டர்ல ஒம்போதாவது நாள வட்டம் போட்டேன்.